அத்திக் கிண்ணத்தில் மூன்று விரல்

கேடோ ஸ்பிரிங்ஸ், லூசியானா
செப்டம்பர் 4, 1979

அன்புள்ள மாப்பிள்ளை லூஷியஸுக்கு,

உன் மச்சான் ஹோசியா டப்ஸ் சொல்லச் சொல்ல, நம் சபைக் கணக்கர் வெர்டெல் ஹாச்சர் அம்மா எழுதுவது. இங்கே கர்த்தர் தயவில் எல்லாரும் சுகம். எழுபத்தைந்து முடிந்தும் எனக்குப் பதினெட்டுப் பல் பாக்கி இருக்கிறது. நீயும் தங்கச்சி ஐடெல்லாவும் ஓக்லண்டில் சுகமா? அவளுக்கு ரத்தக்கொதிப்பு அடங்கியிருக்கிறதா?

விஷயம் இதுதான். வருகிற புத்தாண்டோடு அத்திக் கிண்ணத்துக்கு ஐம்பது வருஷம். நம் கறுப்பு ஜனங்களின் கல்லூரிகள் இந்தப் பக்கத்தில் முதல்முதலாக மோதிய பெரிய இறுதிப் போட்டி. எங்கள் ஹாலோவே கல்லூரி மைதான வாசலில் வெண்கலப் பலகை வைக்கப் போகிறது. அன்று ஆடியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லாருக்கும் அழைப்பு. எங்கள் பக்கம் மூன்று பேர். உங்கள் பிராண்ட்லி கல்லூரிப் பக்கம் நீ ஒருத்தன்தான்.

அன்றைக்குப் படம் எடுக்க ஆள் இல்லை. வெள்ளைக்காரர் பத்திரிகை ஒரு வரி போடவில்லை. அதனால் கல்லூரிக்காரர்கள் பேசுவதைப் பதிகிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பேர் எழுதத் தெரியாத மைதானக்காரனிடம்! மூன்று நாள் சொன்னேன். "டப்ஸ் ஐயா, உங்க தலைதாங்க எங்க நூலகம்"னு தலைவரே சொன்னார். நான் மறுக்கவில்லை. உண்மையை எதற்கு மறுப்பது?

நாங்கள் ஏழு, நீங்கள் ஆறு. ஒரு நிமிஷம் பாக்கி. எங்கள் எல்லைக்குப் பதினோரு கெஜம். நான்காவது முயற்சி. பந்து உன் கையில். எங்கள் ரூஃபஸ் பூன் உன் இடுப்பைக் கட்டி வீழ்த்தினான். சங்கிலி கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று விரல் குறைவு. பலகையிலும் அதையே போடுகிறார்கள்: "மூன்று விரலில் வென்ற கிண்ணம்."

ஐம்பது வருஷமாக நீ இந்த ஊருக்கு வரவில்லை. அம்மா அடக்கத்துக்குக்கூட ஐடெல்லா தனியாகத்தான் வந்தாள். இப்போதாவது வா. புத்தாண்டுத் தட்டைப்பயறும் சோள ரொட்டியும் என் வீட்டில்.

இப்படிக்கு, மச்சான். அவர் குறி: ✕

(எழுதுபவள் குறிப்பு: எனக்கு இந்த ஆட்டம் பிடிபடாது. அவர் விளக்கியது: முட்டை மாதிரிப் பந்தை அணைத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் ஓட வேண்டும், போனால் ஆறு புள்ளி. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் போனால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். போகாவிட்டால் பந்து எதிரிக்கு. அந்தப் பத்து கெஜத்தை அளக்கத்தான் சங்கிலியாம். தப்பிருந்தால் மன்னிக்கவும். வெ. ஹா.)


ஓக்லண்ட், கலிஃபோர்னியா
செப்டம்பர் 19, 1979

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். ஐடெல்லா உப்பைக் குறைத்திருக்கிறாள். எனக்கும் சேர்த்தே குறைத்துவிட்டாள்.

அழைப்புக்கு நன்றி. வருவதாக இல்லை. ரயிலில் தபால் பிரிக்கும் வேலையில் முப்பத்தாறு வருஷம் ஓடினேன். ஹூஸ்டனிலிருந்து இந்தக் கடற்கரை வரைக்கும் எந்த ஸ்டேஷனில் நின்றாலும் சுமை தூக்கும் நம் ஆட்கள் என்னைப் பார்த்ததும் மூன்று விரலைக் காட்டுவார்கள். அதே மூன்று விரலை வெண்கலத்தில் பார்க்க டிக்கெட் எடுத்து வர வேண்டுமா?

ஆனால் ஒரு கேள்வி. போன ஞாயிறு தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தேன். சங்கிலியை உள்ளே கொண்டுவந்தார்கள். பேசுகிறவர் சொன்னார்: சங்கிலியை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரும்போது இடம் பிசகாமல் இருக்க, அது ஏதாவது ஒரு வெள்ளைக் கோட்டைக் கடக்கும் இடத்தில் முன்கூட்டியே ஓர் அடையாளம் மாட்டுவார்கள், எப்போதும் கோட்டின் பின் ஓரத்தில், அளக்கும்போதும் அதைப் பின் ஓரத்திலேயே வைப்பார்கள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 1930இல் அந்தச் சங்கிலியில் சிவப்புக் கந்தல் கட்டியவர் நீங்கள். அளக்கும்போது அதைக் கோட்டின்மேல் அழுத்திப் பிடித்தவரும் நீங்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவரும் நீங்கள்தான். உங்கள் சுண்ணாம்புப் பெட்டியின் வாய் நான்கு விரல் அகலம்; நான் பார்த்திருக்கிறேன்.

கந்தலைக் கட்டியது எந்த ஓரத்தில்? அளக்கும்போது வைத்தது எந்த ஓரத்தில்?

தங்கள்,
லூஷியஸ் பெட்வே


கேடோ ஸ்பிரிங்ஸ்
அக்டோபர் 2, 1979

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் சொன்னபடியே மழை வந்தது. உப்பில்லாச் சாப்பாட்டுக்கு என் அனுதாபம்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். கேள். காலையில் ஏழு மணிக்குத் தூறல். பிராண்ட்லி ரயில் பத்து இருபதுக்கு வந்தது, நாற்பது நிமிஷம் தாமதம். உங்கள் பயிற்சியாளர் இறங்கும்போது தொப்பி தண்டவாளத்தில் விழுந்தது. அதை எடுக்காமலேயே நடந்தார். நாலாயிரம் பேர். பருத்திக் கிடங்குக்குப் பின்னால் கோவேறு கழுதைகள் மட்டும் அறுபத்தொன்று. எங்கள் வாத்தியக் குழுவின் பெரிய குழலுக்குள் தண்ணீர் நின்றுவிட்டது. வாசித்தவன் எல்டன் பிக்ஸ், கவிழ்த்தபோது ஒரு தவளை விழுந்தது. இடைவேளைக்குள் தூறல் விட்டது. நான் பெட்டியை எடுத்து எல்லாக் கோட்டுக்கும் மறுபடி சுண்ணாம்பு போட்டேன். ஈஸ்டர் சட்டை மாதிரி வெளுப்பு. அதன் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. உன் இடது காலணியின் கயிறு அறுந்து, நீ அதைச் சணலால் கட்டியிருந்தாய். மூன்றாவது கால்பகுதியில் உன்னைப் பூன் தூக்கிப் போட்டபோது, "அடேய், நான் என்ன சோள மூட்டையா?" என்று கேட்டாய். கூட்டமே சிரித்தது.

பார்த்தாயா? ஒன்றும் விடவில்லை.

ஐடெல்லாவுக்கு அன்பு.
✕

(இரண்டு ஓரம் பற்றிய உங்கள் கேள்வியை அவருக்கு இரண்டு தரம் வாசித்தேன். "அடுத்தது எழுதும்மா" என்றார். வெ. ஹா.)


ஓக்லண்ட்
அக்டோபர் 11, 1979

மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் நலம். தவளை கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

கட்டியது பின் ஓரம், வைத்ததும் பின் ஓரம் என்று நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன். மறுநாளே டிக்கெட் எடுத்து வந்து, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, கை தட்டுகிறேன். உங்கள் ஞாபகத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

கட்டியது பின் ஓரம், வைத்தது முன் ஓரம் என்றால், சங்கிலி முழுவதும் நான்கு விரல் முன்னே நகர்ந்திருக்கிறது. அப்படியானால் நான் மூன்று விரல் குறையவில்லை. ஒரு விரல் தாண்டியிருக்கிறேன்.

ஒரு வரி போதும்.

லூஷியஸ்


கேடோ ஸ்பிரிங்ஸ்
அக்டோபர் 30, 1979

மாப்பிள்ளை லூஷியஸ்,

சுகம்தானே? இங்கே பீக்கான் கொட்டை உதிர ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன்.

பலகை வார்த்து வந்துவிட்டது. கல்லூரித் தலைவர் எனக்கு விரலால் தடவிக் காட்டினார். கடைசி வரியில் என் பேர் இருக்கிறதாம்: "சங்கிலி: ஹோசியா டப்ஸ்." பூனுக்குப் பொறாமை. "ஓடினது நாங்க, விழுந்தது நாங்க, கந்தல் புடிச்சவனுக்குப் பேரா?" என்கிறான். "நீ விழுந்ததை அளந்தது யாருடா?" என்று கேட்டேன்.

நீ ஓரம் ஓரம் என்று உயிரை எடுக்கிறாய். மழையில் கோடெல்லாம் கரைந்து சேறாகிக் கிடந்த மைதானத்தில் யாருக்குப்பா ஓரம் தெரியும்? நடுவர் மண்டியிட்டார், விரல் வைத்தார், சொன்னார். முடிந்தது.

வருவதும் வராததும் உன் இஷ்டம். தங்கச்சியையாவது அனுப்பு.
✕


ஓக்லண்ட்
நவம்பர் 9, 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐடெல்லா எழுதுகிறேன். எனக்கு ரத்தக்கொதிப்பு பரவாயில்லை. உன் பற்கள் பதினெட்டும் நலமா?

உன் கடிதங்களை இவருக்கு நான்தான் சத்தமாக வாசிக்கிறேன், கண்ணில் புரை. அக்டோபர் 2ஆம் தேதிக் கடிதத்தில் கோடு ஈஸ்டர் சட்டை மாதிரி வெளுப்பு, அதன் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. அக்டோபர் 30ஆம் தேதிக் கடிதத்தில் அதே கோடு மழையில் கரைந்துவிட்டது.

அண்ணா, நான் பிறந்த அன்று எந்தக் கோழி முட்டையிட்டது என்று சொல்கிறவன் நீ. உனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று உலகமே சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த மூன்று விரலும் ஐம்பது வருஷமாக என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், அது மட்டும் போகவில்லை. இவர் உன் மேல் கோபப்பட்டது கிடையாது. தன் மேல்தான். "இன்னும் ஒரு எட்டு வெச்சிருக்கலாம் ஐடா, நான்தான் வெக்கல" என்று போன வாரம்கூடச் சொன்னார். எழுபத்தொரு வயதில்.

எட்டு வைத்தாரா, வைக்கவில்லையா? உனக்குத் தெரியும். எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது.

உன் தங்கை,
ஐடெல்லா


கேடோ ஸ்பிரிங்ஸ்
டிசம்பர் 4, 1979

லூஷியஸ்,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். கடிதம் தாமதம். நோய் ஒன்றும் இல்லை. மூன்று செவ்வாய்க்கிழமை வெர்டெல் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்து, வானிலையைப் பேசிவிட்டு எழுந்து போனேன். நாலாவது செவ்வாய் இது.

கட்டியது பின் ஓரம். வைத்தது முன் ஓரம்.

கோடு பளிச்சென்று இருந்தது. சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். நாலாயிரம் பேர் கத்துகிறார்கள். என் கை கந்தலை முன் ஓரத்தில் அழுத்தியது. அதுவரைக்கும் கைத்தப்பு. அவசரம் யாருக்கும் வரும். நடுவர் மூன்று விரல் தூக்கியபோது நான் குனிந்து பார்த்தேன். கந்தல் தப்பான ஓரத்தில் கிடந்தது. "ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கந்தலை அவிழ்த்து மடக்கிப் பையில் போட்டேன். கைத்தப்பு அங்கேயே முடிந்துபோனது. மிச்சம் என் வேலை.

ஏன் என்று கேட்பாய். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா முன்னால் ஐடெல்லாவைக் கேட்டாய். போகும்போது வாசலில் என் தோளைத் தட்டி, "மொதல்ல கிண்ணம், அப்புறம் உன் தங்கச்சி. ரெண்டையும் கட்டி வை, மச்சான்" என்று சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் ஒரே வாரத்தில் ஒருத்தனுக்கு இரண்டையும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தங்கச்சியை நிறுத்த என்னால் முடியாது. கிண்ணம் கைக்குள் இருந்தது.

நீ எட்டு வைத்தாய். ஒரு விரல் தாண்டினாய். நான் பார்த்தேன்.

கல்லூரித் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பாவம், தண்ணீர் கேட்டார். "ஐயா, பலகை வார்த்தாச்சே" என்றார். பிறகு ஸ்மாலியின் முடிவெட்டும் கடைக்குப் போனேன். பூன் நாற்காலியில், கழுத்தில் துணியோடு. அவனுக்கும் சொன்னேன்.

"ஏன்டா ஹோசியா, ஐம்பது வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தவனுக்கு இன்னும் ஒரு மாசம் மூடிக்கிட்டு இருக்க முடியலையா?"

"முடியல."

"எங்கிட்ட இருக்கிறது அந்த ஒரு கிண்ணந்தான்டா. பேரப்புள்ளைங்க அதைச் சொல்லித்தான்டா என்னைத் தாத்தாங்கறாங்க."

"பூன் அண்ணே, தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்" என்றான் ஸ்மாலி.

பாதி வெட்டிய தலையோடு பூன் எழுந்து போய்விட்டான். இன்று வரை மறுபாதி வெட்டவில்லை, என்னோடு பேசவும் இல்லை. சபையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறான்.

புத்தாண்டு அன்று ஒலிபெருக்கியில் சொல்லப் போகிறேன். தலைவர் வேண்டாம் என்கிறார். நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னேன். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன்.

ஆனால் மாப்பிள்ளை, ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். நான் உனக்குத் திருப்பிக் கொடுப்பது கிண்ணம் இல்லை. நான்கு முயற்சி. எல்லைக்கு இன்னும் பதினோரு கெஜம் இருந்தது. எங்கள் வரிசையில் யார் யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். நான்கிலும் உன்னை நிறுத்தியிருப்போம். இதை நான் பொய் சொன்னவனாகச் சொல்லவில்லை, ஆட்டம் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

ஹோசியா
✕


ஓக்லண்ட்
டிசம்பர் 12, 1979

டேய் மச்சான்,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை.

உன் கடிதத்தை ஐடெல்லா வாசித்தாள். "நான் பார்த்தேன்" என்ற வரியில் நிறுத்தினாள். "இன்னொரு தரம் வாசி" என்றேன். வாசித்தாள். எழுந்து கொல்லைப் பக்கம் போய் எலுமிச்சை மரத்தடியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் வந்து, "காபி ஆறிப்போச்சு" என்றாள்.

ஐம்பது வருஷம் என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்ட வேண்டியதை. உனக்கு நான் நிறைய பாக்கி வைத்திருக்கிறேன், நேரில் தருகிறேன். மன்னிப்பைப் பற்றி இப்போது பேசாதே. அது வரும்போது வரும்.

மிச்சக் கடிதத்தை உள்ளே வந்து கேட்டேன். நான்கிலும் நிறுத்தியிருப்பீர்களா? யார், அந்தப் பூனா? அவனுக்கு வலது முழங்கால் போயிருந்தது. அந்த ஆட்டம் முழுவதும் நொண்டியதை உன் பெரிய ஞாபகம் பார்க்கவில்லையா? முதல் முயற்சி நடுவில், நான்கு கெஜம். இரண்டாவது வலப்பக்கம், எல்லைக்குள். மூன்றாவதும் நான்காவதும் எனக்குத் தேவையே இல்லை.

இருபத்தெட்டாம் தேதி ரயில். இரண்டு பேருக்கும் படுக்கை எடுத்தாகிவிட்டது. பயற்றில் பன்றிக்கால் போடு. உப்பும் போடு, ஐடெல்லா பார்க்காதபோது.

லூஷியஸ்


கேடோ ஸ்பிரிங்ஸ்
ஜனவரி 15, 1980

மாப்பிள்ளைக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஐடெல்லா மறந்துவிட்டுப் போன கம்பளிச் சால்வையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நீ மேடையில் என் பக்கத்தில் நின்றதால் கூட்டத்தின் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. வெர்டெல் அம்மா பார்த்துச் சொன்னாள். நான் ஓரத்தைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பழைய மாணவர்கள் நாற்பது பேர் எழுந்து வெளியே போனார்கள். வாசலில் ஒருவர் என்னை என்னவோ சொன்னாராம். சபைக் கணக்கர் கையால் அதை எழுத முடியாதாம். சரி. அது எனக்கு வர வேண்டியதுதான். நீ ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "நான்கு முயற்சி மிச்சம் இருந்துச்சு, ரெண்டாவதுல எல்லைக்குள்ள போயிருப்பேன்" என்றாயே, அப்போது வாசல் தாண்டிய நாற்பது பேரும் அப்படியே நின்றார்களாம். பதினைந்து பேர் திரும்பி வந்தார்கள், உன்னைப் பார்த்துக் கத்துவதற்கு.

பலகையைத் திறக்கவில்லை, துணி போட்டு வைத்திருக்கிறார்கள். என் பேரை எடுக்கச் சொல்லிவிட்டேன். என்ன எழுதுவது என்று இன்னும் கூட்டம் கூடுகிறார்கள்.

ஊரில் இப்போது வேறு பேச்சே இல்லை. ஸ்மாலி கடையில் உட்கார்ந்து அந்த நான்கு முயற்சியையும் வாயாலேயே ஆடிப் பார்க்கிறோம். உன் முதல் முயற்சியை நாங்கள் ஒப்புக்கொண்டோம். ஆனால் நான்கு கெஜம் இல்லை, மூன்று. இரண்டாவது வலப்பக்கம் என்று நீயே உளறிவிட்டதால் அங்கே இரண்டு பேரைப் போட்டு அடைத்துவிட்டோம். அதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஐந்து கெஜம் கொடுக்கிறோம். ஸ்மாலி உன் பக்கம் வாதாடி வாங்கிக் கொடுத்தான். ஆக, மூன்று கெஜம் பாக்கி, ஒரு முயற்சி பாக்கி, பதினெட்டு நொடி பாக்கி.

போன சனிக்கிழமை கடைக் கதவு திறந்தது. பூன். தொப்பியைக் கழற்றினான். பாதித் தலையில் முடி காடாக நின்றது. என்னைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். "மீதியையும் வெட்டு" என்றான். ஸ்மாலி வெட்டினான். முடிந்ததும் பூன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்:

"முழங்காலு வலதுன்னானா அவன்?"

"ஆமா" என்றேன்.

"இடதுடா. அதுகூடத் தெரியாதவன் எப்படிடா என்னைத் தாண்டுவான்?"

பிறகு ஒரு தாள் கேட்டான். நான்காவது முயற்சியில் தான் எந்த இடத்தில் நிற்பான் என்பதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஸ்மாலியின் கையில் கொடுத்தான். சவரக்கத்திப் பெட்டிக்குள் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் என்னைக் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள்.

நீ எந்தப் பக்கம் ஓடுகிறாய் என்பதை எழுதி, ஒட்டி அனுப்பு. இரண்டு உறையையும் எல்லார் முன்னாலும் ஒன்றாகப் பிரிப்போம். ஒலிபெருக்கியில் உளறியது மாதிரி ஐடெல்லாவிடம்கூடச் சொல்லிவிடாதே. அவள் எனக்குத் தங்கச்சி.

நன்றாக யோசி. அவன் உன்னை நன்றாகத் தெரிந்தவன்.

ஹோசியா
✕